திறந்து கொடுத்தால் படிக்கிறார்கள்

காரைக்கால் அம்மையார் கோயிலுக்கு அருகே, சந்திர தீர்த்தக் கரையில் உட்கார்ந்து அற்புதத் திருவந்தாதியைக் கைப்பேசியில் திறந்தேன். பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, தேவாரமா?"

"உங்க ஊரு அம்மையார் பாடுனதும்மா."

முதல் பாட்டு அவருக்கு மனப்பாடம். கை பூத்தொடுத்தபடியே இருக்க, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்துப் பாடினார். மொத்தம் 101 வெண்பா என்றதும் நிமிர்ந்தார். திருவாலங்காட்டுப் பதிகங்கள் இரண்டும் திருவிரட்டை மணிமாலையும் சேர்த்தால் 143 பாட்டு. அம்மையாரின் ஆனிப் பௌர்ணமி மாங்கனித் திருவிழாவில் மாடியிலிருந்து எறிகிற மாம்பழத்தைச் சின்ன வயதிலிருந்து முந்தானையில் ஏந்தி வருகிறவர், மற்ற பாட்டுகளைக் கண்ணால் பார்த்ததில்லை.

"எழுத்தைப் பெரிசு பண்ணு" என்றார். பண்ணினேன். அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது. வெண்பாவின் அடிக்கு நான்கு சீர். கடைசி அடிக்கு மூன்று. எழுத்து பெரிதானதும் அடி திரையில் அடங்காமல் உடைந்தது. இரண்டாம் அடியின் தனிச்சொல் அநாதையாகக் கீழே இறங்கி நின்றது. நான்கு அடி எட்டு வரியாயிற்று. மனப்பாடமாக அத்தனை அழகாகப் பாடியவர், இரண்டாவது பாட்டில் திரை உடைத்த இடத்திலெல்லாம் தானும் நின்றார். கைப்பேசியைப் படுக்கவைத்து எழுத்தை ஒரு படி குறைத்தேன். அடி முழுசாக வந்தது, அவர் குரலும் சரியாயிற்று. ஒரு பக்கத்துக்கு ஒரு பாட்டுத்தான் இப்போது. அந்தாதிக்கு இது வெகு பொருத்தம்: ஒரு பாட்டு முடிகிற சொல்லில் அடுத்தது தொடங்கும். நாலைந்து பாட்டு போனதும், நான் பக்கத்தைத் தள்ளுவதற்கு முன்பே அடுத்த பாட்டின் முதல் சொல்லை அவரே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"இத எம் பேத்தி போன்ல போட்டுக் குடு."

பேத்தி கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. சாயங்காலம் பூ விற்க உதவிக்கு வந்த பெண்ணுக்கு வாட்ஸ்அப்பில், எழுத்தளவுக்கேற்ப வரியைத் தானே மடக்கிக்கொள்ளும் இ-பப் கோப்பை அனுப்பினேன். தொட்டார், திறக்கவில்லை, அதைத் திறக்கிற செயலி அந்தக் கைப்பேசியில் இல்லை. "பிடிஎஃப் இருந்தா அனுப்புங்க சார்" என்றார். அனுப்பினேன். ஏ4 தாளுக்கு அமைத்த பக்கம் உள்ளங்கை அளவுக்குச் சுருங்கி நின்றது. பெரிதாக்கினால் வரியின் தொடக்கம் இடப்பக்கம் ஒளிந்துகொள்கிறது, முடிவு வலப்பக்கம் ஓடுகிறது. ஒவ்வொரு வரிக்கும் விரலால் தள்ளித் தள்ளி எத்தனை பேர் ஒரு புத்தகத்தை முடிப்பார்கள்? ரீட்எரா என்ற இலவசச் செயலியைப் போட்டு, இ-பப்பை அதில் திறந்து, எழுத்தளவு வைத்து, முதல் பாட்டில் நிறுத்திக் கொடுத்தபிறகுதான் அந்தப் பெண் படிக்கத் தொடங்கினார்.

இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. தமிழில் மின்னூலுக்குப் பஞ்சமில்லை. சுவிட்சர்லாந்தில் வேதியியலாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் சங்க இலக்கியம் முதல் நாவல் வரை தட்டச்சுச் செய்து, பிழை திருத்தி ஏற்றியிருக்கிறார்கள். ஈழத்து நூல்களுக்கு 2005 முதல் நூலகம் தளம் இருக்கிறது. 2013-ல் தொடங்கிய ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ், ஒரே நூலை இ-பப்பாகவும் ஆறு அங்குலத் திரைக்கென்றே அமைத்த பிடிஎஃப்பாகவும் தருகிறது; இந்த அக்கறை எனக்கு மிகவும் பிடித்தது. இத்தனை இருந்தும் குளத்தங்கரைக்கு 143 பாட்டு வந்து சேரவில்லை. "நெட்ல எல்லாம் இருக்கு" என்று சொல்வதைப் பரிந்துரை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். எந்தப் புத்தகம் என்று சொல்லி, படிக்கப்போகிறவரின் கைப்பேசியில் திறந்து, அவர் கண்ணுக்கு ஏற்ற எழுத்தில் வைத்துக் கொடுப்பது வரைக்கும் பரிந்துரைதான்.

எழுத்தின் அளவு இந்தக் கடற்கரைக்குப் புதிய பிரச்சினையும் அல்ல. வடக்கே நண்டலாற்றைத் தாண்டினால் பொறையார், அடுத்து தரங்கம்பாடி. அங்கே மிஷன் பாதிரியார் சீகன்பால்கின் அச்சகத்துக்காக ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் மிகப் பெரியவை. அவற்றால் புதிய ஏற்பாட்டை அச்சிட்டால் இருக்கிற காகிதம் போதாது. அதனால் பொறையாரிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் ஈய மூடிகளை அதற்கு உருக்கினார்கள் என்று மிஷன் வரலாறு சொல்கிறது. புதிய ஏற்பாடு 1715-ல் அச்சாகி முடிந்தது. ஈயத்தை உருக்கிச் செய்த வேலையை இன்று இரண்டு விரலால் செய்கிறோம், செய்யலாம் என்று தெரிந்தவர்கள்.

மறுநாள் மதியம் அரசலாற்று முகத்துவாரத்தை ஒட்டிய மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. தார்ப்பாய் நிழலில் வலைக் கிழிசலைச் சரிசெய்துகொண்டிருந்தவர்களில் கிளிஞ்சல்மேட்டு இளைஞர் ஒருவர் கைப்பேசியில் படம் பார்க்க முயன்று, வெயிலில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பையிலிருந்த கிண்டில் மின்னூல் கருவியை எடுத்து நீட்டினேன்.

"என்னண்ணே இது, சிலேட்டாட்டம்?"

கிண்டிலின் மின்மைத் திரை தானாக ஒளிர்ந்து கண்ணைக் குத்துவதில்லை. காகிதத்தில் படுவதுபோல் வெளிச்சம் பட்டால்தான் எழுத்து தெரியும். வெயில் ஏற ஏறத் தெளிவு கூடும். விலை பத்தாயிரத்துக்கு மேல் என்றதும் வைத்திருந்தவர் பத்திரமாக இரண்டு கையால் பிடித்துக்கொண்டார். இந்த ஊரில் மின்னூல் படிக்க வேண்டுமென்றால் அது கைப்பேசியில்தான், இதை ஒளிக்க வேண்டியதில்லை.

அதில் ராஜம் கிருஷ்ணனின் 'அலைவாய்க் கரையில்' நாவலைத் திறந்து வைத்திருந்தேன். அவர் உயிரோடிருக்கும்போதே, 2009-ல், அவருடைய நூல்களைத் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கிவிட்டது. மதுரைத் திட்டத்திலிருந்து எடுத்து, கணினியில் கேலிபர் மென்பொருளால் கிண்டிலில் திறக்கிற கோப்பாக மாற்றிக்கொண்டேன்.

"சத்தமாப் படிடா, எங்க கை வேலையா இருக்குல்ல" என்றார் ஒரு பெரியவர்.

இளைஞர் படித்தார். ஆரம்பத்தில் எழுத்துக்கூட்டித்தான். உரையாடல் வந்ததும் குரலே மாறிவிட்டது. கைப்பேசியே நூலை வாசித்துக்காட்டும் வசதியையும் போட்டுக் காட்டினேன். அந்த இயந்திரக் குரல் பேச்சுத் தமிழைத் தட்டையாக ஒப்பித்ததைக் கேட்டு, "அத நிறுத்துங்க, அவனே படிக்கட்டும்" என்றார்கள். பிறகு நாவலோடு வாதாட ஆரம்பித்தார்கள். இது நம்ம பக்கத்துப் பேச்சு இல்லை, தெற்கத்திப் பேச்சு என்றார் பெரியவர். சரிதான், கதை தூத்துக்குடிக் கரையில் நடக்கிறது. "எழுதுனது பொம்பளையா? அதுக்கு எப்படித் தெரியும்?" என்று இன்னொருவர் கேட்டார். அந்தக் கரையோர ஊர்களுக்கே போய், மக்களோடு பழகி, கேட்டறிந்து எழுதியவர் என்றேன். "அப்ப இங்கயும் வந்திருக்கலாம்" என்றார். ஒரு நாவலுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு எனக்குத் தெரியவில்லை.

அம்பகரத்தூர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அக்கா ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறார். திருநள்ளாறு வருவதற்குள் பிரதிலிபி செயலியில் ஒரு தொடர்கதையின் இரண்டு பாகத்தை முடித்துவிட்டார். எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"ஸ்டார் எல்லாம் பாக்க மாட்டேன் சார். கமென்ட்ல என்ன சண்டை போட்டிருக்காங்கன்னு பாப்பேன். சண்டை இருந்தா கதையில விஷயம் இருக்கும்."

எனக்கும் ஒரு கதையைச் சொன்னார். "மொத மூணு பாகம் இழுக்கும், பொறுத்துக்கங்க. நாலாவதுல மாமியார் பேசுற பேச்சுக்காகவே படிக்கலாம்." பத்திரிகை மதிப்புரைகளில் இப்படி ஒரு வரியைத் தேடித் தேடிப் பார்த்திருக்கிறேன்: எங்கே அலுக்கும், எதற்காகப் பொறுக்கலாம். அவர் வழியிலேயே நானும் 'பிரதாப முதலியார் சரித்திரம்' பற்றிச் சொன்னேன். தரங்கம்பாடியிலும் மாயூரத்திலும் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை எழுதி 1879-ல் வந்த தமிழின் முதல் நாவல். நடை பழசு, உபகதைகள் குறுக்கே வரும், அலுத்தால் தாண்டிவிடுங்கள், ஆனால் ஞானாம்பாள் ஆண்வேடத்தில் ஒரு நாட்டையே ஆளுவாள் என்றேன்.

"அது எந்தப் பக்கம்?"

அந்த நாட்டின் பெயரை, 'விக்கிரமபுரி' என்று, தேடலில் போட்டு அந்த இடத்தைத் திறந்து கொடுத்தேன். தேடல் வசதி எனக்கு எப்போதும் ஆராய்ச்சிக்காரர் கருவியாகத்தான் பட்டது. பஸ் இறங்குவதற்குள் ஒருவரைக் கதைக்குள் இறக்கிவிடவும் உதவுகிறது.

கடைசியாகப் போனது ஒரு செல்போன் சர்வீஸ் கடை. பெரியவர் ஒருவர், பிரெஞ்சு பென்ஷன்காரர், மகள் பாரிஸிலிருந்து கொண்டுவந்த டேப்லெட்டில் தமிழ் விசைப்பலகை போடச் சொல்லி உட்கார்ந்திருந்தார். திரையில் எல்லாக் கட்டளையும் பிரெஞ்சில். காரைக்கால் அம்மையார் பாடல்களைக் காரவேலன் என்பவர் பிரெஞ்சில் பெயர்த்ததை அவரிடம் சொன்னேன். புதுச்சேரி பிரெஞ்சு இந்தியவியல் நிறுவனத்தின் முதல் வெளியீடு அது, 1956. பெயரை ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டார்.

கடைக்காரருக்கு ஊரில் எல்லாருடைய கைப்பேசியும் பழக்கம். நாட்டுடைமை ஆன நூல்களாகப் பார்த்து ஒரு மெமரி கார்டில் கொண்டுபோயிருந்தேன். "யாருக்கு எதைப் போடணும், சொல்லுங்க" என்றார். நெடுங்காடு பக்கத்து விவசாயிகளுக்கு, இந்த டெல்டாவின் வயற்கூலிகளைப் பற்றிய 'சேற்றில் மனிதர்கள்' என்றேன். மீனவருக்கு 'அலைவாய்க் கரையில்' என்றதும் தலையாட்டினார், ஆனால் சம்மதிக்கவில்லை. "மொதல்ல பொன்னியின் செல்வன் போடுவோம் சார். படம் பாத்திருக்காங்க. நாகப்பட்டினம் சூடாமணி விகாரம் கதையில வருதில்ல, நம்ம பக்கத்து ஊரு. அத முடிச்சிட்டு வந்தா நீங்க சொல்றதைக் கொடுக்கிறேன்." அவர் சொன்னதுதான் சரி, ஆளை அறிந்தவர் அவர்.

கல்கியின் அந்த நாவலின் ஐந்து பாகமும் ஐந்து கோப்பு. ஆங்கில எழுத்தில் இருந்த பெயர்களின் அகர வரிசையில் 'கொலை வாள்' முதலில் வந்து நின்றது. "இப்படி இருந்தா மூணாம் பாகத்தைத்தான் மொதல்ல திறப்பாங்க" என்று கணினியை இழுத்து, ஒவ்வொன்றின் பெயரையும் மாற்றி அடித்தார்: 1 புது வெள்ளம், 2 சுழற்காற்று, 3 கொலை வாள், 4 மணிமகுடம், 5 தியாகச் சிகரம். பிறகு ஸ்கிரீன் மாற்றக் கொடுத்திருந்த பட்டினச்சேரிக்காரரின் போனை எடுத்து, "அண்ணே, கதை படிப்பீங்களா?" என்று கேட்டார்.