எழுத்துரு இல்லாத கணினியில் ஒரு புகார்

எங்கள் மாலைநேரப் பயிற்சி மையத்தில் இருப்பது ஒரே ஒரு பழைய கணினி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் மக்கள் கொடுத்த புகார்கள், தீருதவி கேட்ட மனுக்கள் எல்லாம் அதில்தான்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11 போடப் பார்த்தோம். டிபிஎம் 2.0 இல்லையென்று கணினி மறுத்துவிட்டது. "தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க" என்றார் கடைக்காரர். பணத்துக்கு எங்கே போவது?

கோப்புகளை ஹார்டு டிஸ்கில் காப்பி எடுத்துவிட்டு, பென் டிரைவ் வழியாக லினக்ஸ் மின்ட் நிறுவினோம். காசு செலவில்லை, வேகமும் கூடியது. அந்த மகிழ்ச்சியில் ஓர் அக்காவின் புகாரைத் திறந்தேன். பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். மறுவாரம் வழக்கறிஞரிடம் கொடுக்க வேண்டிய புகார் அது. எனக்குக் கை நடுங்கியது.

கோப்பு கெடவில்லை என்று சொன்னவள், மையத்துக்கு வரும் கல்லூரித் தங்கை. பாமினியில் தட்டச்சு செய்தது. புது இயங்குதளத்தில் அந்த எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். பக்கத்து டிடிபி கடையில் எழுத்துருவை வாங்கிவந்து நிறுவினாள். அக்காவின் சொற்கள் திரும்பி வந்தன.

இப்போது இருவரும் பழைய கோப்புகளை ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாற்றி, சரிபார்த்து, இரண்டு இடத்தில் சேமிக்கிறோம்.

தோழர்களே, உங்கள் அமைப்பின் பழைய கோப்புகளை இன்றே திறந்து பாருங்கள். நம் மக்கள் பயந்து பயந்து சொன்னதை நாமே படிக்க முடியாமல் போய்விடக் கூடாது.