ராத்திரிக்கும் பேர் போட வேண்டும்

பிள்ளை பார்க்கிற வேலைக்குச் சம்பளம் பேச உட்கார்ந்தால் நான் முதலில் கேட்பது, ராத்திரியில் பிள்ளை அழுதால் யார் எழும்புவது என்றுதான். தொகையை அதற்குப் பிறகு பேசுவேன். மலையகத்தில் பொகவந்தலாவை, நோர்வூட், மஸ்கெலியாப் பக்கத்திலிருந்து கொழும்புக்கு இந்த வேலைக்குப் புறப்படுகிற பெண்கள் விசாரிக்க வரும்போது அவர்களுக்கும் இதையே சொல்லி அனுப்புகிறேன். பெரும்பாலும் புரோக்கர் சொன்ன தொகை ஒன்றை மனதில் வைத்துக்கொண்டுதான் வருவார்கள். "நாப்பத்தஞ்சாயிரம் தாராங்களாம் அக்கா, சாப்பாடு, தங்குற எடம் எல்லாம் அவங்களே" என்பார்கள். பிள்ளைக்கு எத்தனை மாதம், விடிய எத்தனை மணிக்கு எழும்ப வேண்டும், பிள்ளையோடு சமையலும் சேர்ந்ததா, மாதத்தில் எத்தனை நாள் லீவு என்று கேட்டால் பதில் வராது. அதையெல்லாம் அவர்களுக்காக யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்கு ஒரு கணக்கு உண்டு. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக்குப் போனால் செக்ரோல் என்கிற சம்பளப் பதிவில் பேர் விழும், அதுதான் ஒரு நாள் சம்பளம். கொழுந்து குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம். அரைப்பேரால் எத்தனை வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதை லயத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் அந்தக் கணக்கு எழுத்தில் இருந்தது, அதைக் கையில் வைத்துக்கொண்டு சண்டை போட முடிந்தது. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாவானதும், 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ஆனதும் சங்கம், சம்பள நிர்ணயச் சபை, வர்த்தமானி, வழக்கு என்று ஊரறிய நடந்தவை. வீட்டுக்குள் பிள்ளை பார்க்கிறவளுக்கு அப்படி ஒரு சபையே கிடையாது. 2016ஆம் ஆண்டு வந்த தேசியக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வீட்டு வேலையாட்களை வெளியே நிறுத்தியது. ஊழியர் சேமலாப நிதியும் எங்களுக்கு இல்லை. எங்களை நினைத்தே எழுதப்பட்ட சட்டம் 1871இல் வெள்ளைக்காரன் காலத்தில் வந்தது. வேலைக்காரரின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றி, வேலைக்குச் சேர்ந்ததையும் விலகியதையும் அதில் குறித்து வைப்பதற்கான சட்டம் அது. எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதைப் பற்றி அதற்கு அக்கறை இல்லை.

1,350 வந்த நேரத்தில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாதம் 45,000 ரூபா, நான்கு நாள் லீவு என்றால், 26 நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,730 வருகிறது. மலையில் கொழுந்தெடுப்பதைவிடக் கூடுதல்தானே என்று தோன்றும். புரோக்கரும் இதைத்தான் காட்டுவார். ஆனால் தோட்டத்து நாள் எட்டு மணி நேரம். 1,350ஐ எட்டால் பிரித்தால் மணிக்கு 168 ரூபாவுக்கு மேல் விழுந்தது. தங்கிப் பிள்ளை பார்க்கிறவள் காலை ஆறுக்கு எழும்பி இரவு பத்துக்குப் படுத்தாலே பதினாறு மணி நேரம், மணிக்கு 108. ராத்திரி எழும்புவது இதில் சேரவே இல்லை. சாப்பாட்டையும் இடத்தையும் கணக்கில் எடுக்க வேண்டாமா என்று சில வீட்டுக்கார நோனாமார் கேட்பார்கள். பிள்ளையின் அறையில் பாய் போட்டுப் படுக்கச் சொல்வது, அழுகைச் சத்தம் எனக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக. அதை எனக்குச் செய்த வசதியாக நான் எடுத்துக்கொள்வதில்லை.

அந்த ராத்திரி வேலை என்னவென்று தெரிந்தால்தான் அதன் விலை புரியும். மூன்று மாதப் பிள்ளை இரண்டு மணிக்கு அழுகிறது. லைட்டைப் போடுவதற்கு முன் அது எந்த அழுகை என்று கேட்க வேண்டும். பசி அழுகை முனகலில் தொடங்கி மெல்ல ஏறும், பிள்ளை கையை வாய்க்குக் கொண்டுபோகும். வயிற்றுவலி என்றால் ஒரேயடியாக வீரிடும், கால்கள் வயிற்றோடு மடங்கும். பசிதான் என்று தெரிந்தால், கொதிக்கவைத்துச் சற்று ஆறிய தண்ணீரை முதலில் போத்தலில் கோடு பார்த்து ஊற்ற வேண்டும். மாவைக் கரண்டியில் எடுத்து, குவிந்திருப்பதை வழித்து மட்டமாக்கித்தான் போட வேண்டும். தூக்கக் கலக்கத்தில் ஒரு கரண்டி கூடினால் பிள்ளைக்கு மலச்சிக்கல், குறைந்தால் அரைமணியில் மறுபடி அழுகை. மணிக்கட்டில் இரண்டு சொட்டு விட்டுச் சூடு பார்த்து, பிள்ளையின் தலை உயர்ந்திருக்க மடியில் வைத்து, சூப்பி முழுக்கப் பால் நிற்கும்படி போத்தலைச் சரித்துப் பிடிக்க வேண்டும். அதன்பிறகு வேலையெல்லாம் காதுக்குத்தான். விழுங்குகிற சத்தத்துக்கு நடுவே மூச்சுச் சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் போத்தலை உடனே இறக்க வேண்டும். குடித்து முடிந்ததும் தோளில் போட்டு ஏப்பம் வரும்வரை முதுகைத் தடவி, மல்லாக்கப் படுக்கவைத்து, பால் மேலே வருகிறதா என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இது முக்கால் மணி நேர வேலை. நாலரைக்கு மறுபடி.

இதைச் சொல்லும்போதெல்லாம் மூதூர் றிசானா நபீக் என் நினைவுக்கு வருவாள். வயதைக் கூட்டி எடுத்த கடவுச்சீட்டில், வீட்டு வேலைக்கென்று 2005இல் சவூதிக்கு அனுப்பப்பட்ட பதினேழு வயதுப் பெண். போன கொஞ்ச நாளிலேயே நான்கு மாதக் கைக்குழந்தைக்குப் போத்தல் பால் கொடுக்கிற பொறுப்பும் அவள் தலையில் விழுந்தது. பால் புரையேறிக் குழந்தை இறந்தது என்று அவள் சொன்னாள். கொலை என்று வழக்கு முடிந்தது. 2013 ஜனவரி 9ஆம் திகதி அவளுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. வீட்டு வேலை என்று பேசி, சத்தமில்லாமல் பிள்ளையையும் கையில் கொடுக்கிற பழக்கம் இன்றைக்கும் கொழும்பு வீடுகளில் இருக்கிறது. பிள்ளை பார்ப்பது தனி வேலை, அதற்குத் தனிப் பழக்கம் வேண்டும், தனிச் சம்பளம் வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காசு மட்டும் காரணம் இல்லை.

இனி ஏஜென்சிகளைப் பற்றி. அவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. ஒரு பிரச்சினை வந்தால் போன் பண்ணிக் கேட்க ஒரு ஆபீசாவது இருக்கிறது என்பது தனியாக ஒரு வீட்டுக்குள் இருக்கிற பெண்ணுக்குப் பெரிய விஷயம். ஆனால் அவர்களுக்குக் காசு எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொண்டுதான் அவர்களிடம் பேச வேண்டும். நான் வேலை செய்த இடங்களில் ஏஜென்சி வீட்டாரிடம் ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளத்தைக் கட்டணமாக வாங்கும். மூன்று மாதத்துக்குள் ஆள் விலகிவிட்டால் வேறு ஆள் தருவதாக வாக்குக் கொடுக்கும். அந்த மூன்று மாதமும், என்ன நடந்தாலும் பொறுத்துக்கொள் என்பார்கள். மூன்று மாதம் கழிந்ததும், இதைவிட நல்ல வீடு ஒன்று இருக்கிறது என்று அவர்களே போன் பண்ணுவார்கள். புது வீடு என்றால் புதுக் கட்டணம். இதில் அடிபடுவது பிள்ளை. என் மணம், என் குரல், நான் தட்டித் தூங்கவைக்கிற விதம் எல்லாம் பழகிய நேரத்தில் வேறொருத்தி வந்து நிற்பாள். ஒரு வீட்டில் குறைந்தது ஒரு வருடம் நிற்பேன் என்று நானே முதலில் சொல்லிவிடுவதுண்டு. நல்ல வீட்டார் அந்த ஒரு வாக்குக்கே சம்பளத்தைக் கூட்டித் தருவார்கள்.

ஒரு ஏஜென்சி என் அடையாள அட்டையை வாங்கி மேசை லாச்சிக்குள் வைத்துக்கொண்டது. சம்பளத்தை வீட்டார் ஆபீசுக்குக் கட்டுவார்கள், ஆபீஸ் எனக்குத் தரும் என்பது ஏற்பாடு. பல மாதம் கழித்து அந்த வீட்டு நோனா பேச்சுவாக்கில் தான் கட்டுகிற தொகையைச் சொன்னபோதுதான், எனக்கு வருவதற்கும் அதற்கும் இடையில் எவ்வளவு நிற்கிறது என்று தெரிந்தது. அந்த நோனாவுக்கும் என்னளவுக்கே கோபம். அதற்குப் பிறகு வீட்டார், நான், ஏஜென்சிக்காரர் மூவரும் ஒரே மேசையில் உட்காராமல் நான் எந்த வீட்டுக்கும் பெட்டியைத் தூக்கவில்லை. சம்பளம் என் பாங்க் கணக்குக்கே வர வேண்டும். அடையாள அட்டையின் போட்டோ கொப்பி தரலாம், அட்டையைத் தர மாட்டேன்.

எங்கள் பெண்களின் வாயைக் கட்டுவது முற்பணம்தான். தீபாவளிக்கு முந்தின வாரம், ஜனவரியில் பள்ளிக்கூடம் தொடங்குகிற நேரம், புரோக்கர்கள் லயத்துக்கு வருகிற காலம் அது. கையில் ஒரு தொகையை வைத்துவிட்டுப் போவார்கள். அது தகப்பனிடமோ புருஷனிடமோ போகும். கழிவது அவள் சம்பளத்தில். வீடு சரியில்லை என்று அவள் போன் பண்ணினால், காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வா என்பார்கள். எங்கள் பாட்டன் பூட்டன் காலத்தில் ஆள் கொண்டுவந்த பெரிய கங்காணியிடம் பட்ட கடன் துண்டு என்கிற சீட்டில் எழுதியிருக்கும். அந்தக் கடனை அடைக்காமல் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921இல் துண்டு முறையைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். புரோக்கரின் முற்பணத்தை யாரும் ஒழிக்கவில்லை. தெரிந்த பெண் யாராவது அப்படி முற்பணம் வாங்கியிருப்பதாகக் கேள்விப்பட்டால், சீட்டுப் பிடித்தாவது அதைக் கட்டிவிட்டுப் போ என்று சொல்கிறேன். கடனோடு போகிறவள் அந்த மேசையில் வாய் திறக்க மாட்டாள்.

வயதையும் சொல்ல வேண்டும். 2021 ஜூலையில், கொழும்பில் ஓர் அரசியல்வாதியின் வீட்டில் வேலை செய்த டயகமச் சிறுமி ஒருத்தி தீக்காயங்களோடு ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டு இறந்தாள். அவளுக்குப் பதினாறு வயது. அவளை அழைத்துப்போனதும் ஒரு தரகர்தான். ஹட்டனிலும் நுவரெலியாவிலும் பெண்கள் பதாகை பிடித்து வீதியில் நின்றார்கள். பதினெட்டு வயதாகாதவர்களுக்கு வீட்டு வேலை ஆபத்தான தொழில் என்று அதற்குப் பிறகு விதி வந்தது. ஆனாலும் ஓ.எல். எழுதிவிட்டு வீட்டில் இருக்கிற பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தாய்மார் இன்னும் என்னிடம் வருகிறார்கள். "சின்னப் புள்ளையோட வெளையாடுற வேலதானே அக்கா" என்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு நான் வீடு சொல்வதில்லை. எவ்வளவு கெஞ்சினாலும் சொல்வதில்லை.

கொழும்பில் அடுத்தவர் பிள்ளையைத் தட்டிக்கொடுக்கிற பெண்ணின் பிள்ளை தோட்டத்தில் பாட்டியோடு இருக்கும், இல்லாவிட்டால் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பகலில் பார்க்கிற பிள்ளைக் காம்பராவில் இருக்கும். நான் இந்த வேலையைக் கற்றதே அங்கேதான். என் பெரியம்மா பிள்ளைக் காம்பரா ஆயாவாக இருந்தார். வரிசையாகக் கட்டிய சேலைத் தொட்டில்களில் எது அசைகிறது என்று பார்த்தே எந்தப் பிள்ளை எழும்பப் போகிறது என்று சொல்லிவிடுவார். கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டுப் பால் கொடுக்க ஓடிவருகிற தாய் மலையிலிருந்து வந்த குளிரோடு பிள்ளையைத் தூக்கக் கூடாது என்று, முதலில் அவள் கையைச் சுடுதண்ணீரில் நனைக்கச் சொல்வார். இப்போது அந்த இடங்களுக்குச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர், பயிற்சி பெற்ற உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். அது நல்ல மாற்றம். அதே அறிவோடு கொழும்பு வீட்டுக்குப் போகிறவளுக்கு அந்த அறிவுக்கென்று ஒரு சதம் கூடக் கிடைப்பதில்லை. இப்படிப் பிள்ளையை விட்டு வெளிநாட்டு வேலைக்குப் போகிற தாய்மாருக்கு 2013இல் ஒரு தடை போட்டார்கள்: ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் போக முடியாது. 2022இல், டொலர் இல்லாமல் நாடே தவித்த நேரத்தில், அதை இரண்டு வயதாகக் குறைத்தார்கள். பிள்ளையை யார் பார்ப்பது என்ற கேள்வியைத் தாயிடம் மட்டும் கேட்கிற விதி இது. தகப்பன் வெளிநாடு போகும்போது யாரும் அவனிடம் கேட்பதில்லை.

வீட்டு வேலைக்கு ஒரு கணக்கு வைக்க வேறு இடங்களில் வழி கண்டிருக்கிறார்கள். பிலிப்பைன்சில் 2013இல் வந்த வீட்டுப் பணியாளர் சட்டம், ஆள் பிடித்த செலவைப் பணியாளரிடம் வாங்கக் கூடாது என்கிறது, அவளுக்கு விளங்குகிற மொழியில் எழுத்து ஒப்பந்தம் வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் 2018இல் வீட்டு வேலைக்கு மணிக்கு 37 இந்திய ரூபாவிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் வைத்தார்கள். தொகை சிறியதுதான், ஆனால் மணிக்கணக்கு என்று வந்துவிட்டாலே பாதிச் சண்டை முடிந்தது. இங்கே மேனகா கந்தசாமி போன்றவர்கள் செங்கொடித் தொழிற்சங்கத்துப் பெண்களோடு சேர்ந்து வீட்டு வேலையாட்களுக்கென்று கட்டிய சங்கம் இருக்கிறது, இப்போது புரொடெக்ட் சங்கம் என்கிறார்கள். லீவு நாள் கிடைக்காத பெண்ணால் கூட்டத்துக்கு வர முடியாது என்பதுதான் சங்கம் கட்டுகிற வேலையில் பெரிய தடை. அதனால் லீவு நாளையும் நான் சம்பளத்தோடு சேர்த்தே பேசச் சொல்கிறேன்.

அண்மையில் நோர்வூட் பக்கத்துப் பெண் ஒருத்தி கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து போன் பண்ணினாள். ஐந்து மாதப் பிள்ளை, தாய் தகப்பன் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். பகல் வேலைக்கு ஒரு தொகை, ராத்திரிக்கு வேறு தொகை என்று அவளே மேசையில் வைத்துப் பேசியிருக்கிறாள். வெள்ளி, சனி ராத்திரிகளைத் தாங்களே பார்த்துக்கொள்வதாக அவர்கள் ஒத்துக்கொண்டார்களாம். மற்ற ஐந்து ராத்திரிக்கும் தனிக் காசு, எழுத்தில். தன்னைக் கேட்காமல் எப்படிப் பேசலாம் என்று ஏஜென்சிக்காரர் அவளிடம் சத்தம் போட்டிருக்கிறார். லீவு நாளை மட்டும் இன்னும் எழுதி வாங்கவில்லை என்றாள். தீபாவளி வருவதற்கு முன்பே அதையும் அந்தத் தாளில் சேர்த்துக் கையெழுத்து வாங்கிவிடு என்று சொல்லியிருக்கிறேன்.