கையை விட்டுப் போன அம்பு

பன்னிரண்டு மணி நேர இரவுப் பணி முடிந்து வருகிற நர்ஸுக்கு வேண்டியது ஒரு காபியும் தூக்கமும்தான். ஆனால் போன வசந்த காலத்தில் ஒரு சனிக்கிழமை காலை, ஃபிரிஸ்கோவில் எங்கள் வீட்டுக் கதவைத் திறந்தபோது, சாப்பாட்டு மேஜை முழுவதும் வான்கோழி இறகுகள். நடுவில் பசை, மர அம்புத் தண்டுகள், பதின்மூன்று வயதாகிற என் மகன்.

"அம்மா, வாங்க, ரெண்டு பேரும் ஒட்டலாம்" என்றான். அந்த வாரம் முழுவதும் அவன் என்னோடு சரியாகப் பேசவில்லை. கோடை விடுமுறையில் ஒரு வாரம் வெளியூர் முகாமுக்குப் போகக் கேட்டிருந்தான். அவன் அப்பா "போகட்டும்" என்றார். நான் "முடியாது" என்றேன். அதனால் தூக்கத்தை மறந்து உட்கார்ந்தேன்.

தம்பி, தங்கைகளே, இந்த இறகுக் கதை எப்படி ஆரம்பித்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பிளேனோ பக்கம் ஒரு பயிற்சிக்கூடத்தில் அவன் வில் பழகுகிறான். கப்பி, சக்கரம் எதுவும் இல்லாத பழைய மாதிரி மர வில். அதற்கு நான் விலை மலிவாக இருக்கிறதே என்று பிளாஸ்டிக் வால் ஒட்டிய அம்புகளை வாங்கிக் கொடுத்தேன். ஒவ்வொரு அம்பும் புறப்படும்போதே பக்கவாட்டில் எகிறியது.

கோச் காரணம் சொன்னார். இந்த வகை வில்லில் அம்பு வில்லை உரசிக்கொண்டுதான் போகும். பிளாஸ்டிக் விறைப்பானது. மோதினால் அம்பையே தள்ளிவிடும். இறகு அப்படியல்ல. வில்லைத் தொடும்போது மடங்கிக் கொடுக்கும், தாண்டினவுடன் நிமிர்ந்துவிடும். நாண் தள்ளுகிற வேகத்தில் அம்பின் தண்டு மீன்போல நெளியும். அந்த நெளிவை அடக்கி நேராக்குவதும் பின்னால் இருக்கிற இறகுதான். பிளாஸ்டிக்கைவிட இறகு எடையும் குறைவு.

அப்படித்தான் தண்டு தனியாக, இறகு தனியாக வாங்கி வந்தோம். ஒரு அம்புக்கு மூன்று இறகு. வில்லுக்கு எதிர்ப்புறமாக நிற்க வேண்டிய இறகு மட்டும் வேறு நிறத்தில் இருந்தால், அம்பை நாணில் பொருத்தும்போது திசை தவறாது. ஆகவே ஒரு சிவப்பு, இரண்டு வெள்ளை. ஆறு அம்பு முடித்துவிட்டுத் தூங்கப் போனேன்.

மதியம் பயிற்சிக்கூடத்தில் ஆறும் தறிகெட்டுப் பறந்தன. கோச் ஒரு அம்பைக் கையில் எடுத்துப் பார்த்துச் சிரித்தார். சிவப்பு இறகு பறவையின் வலது சிறகிலிருந்து வந்தது, வெள்ளை இறகுகள் இடது சிறகிலிருந்து. வலது கையும் இடது கையும் போல அவை எதிரெதிராக வளைந்திருக்கும். ஒரே அம்பில் இரண்டையும் ஒட்டினால் ஒன்று ஒரு பக்கம் சுழற்றப் பார்க்கும், மற்றது எதிர்ப்பக்கம் இழுக்கும். "வலதா இடதா என்பது பெரிய விஷயமில்லை. கலக்காமல் இருப்பதுதான் விஷயம்" என்றார்.

பாக்கெட்டின் மேலேயே அச்சிட்டிருந்தது. நான் படிக்கவில்லை. சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று ஒவ்வொரு மருந்துக்கும் ஐந்து முறை சரிபார்க்கிறவள் நான்! வெட்கமாக இருந்தது. அதைவிட, கோச் சொன்ன வார்த்தை வேறெங்கோ தைத்தது. அப்பா ஒன்று சொல்லி, அம்மா வேறொன்று சொல்லி, நடுவில் பிள்ளை. எங்கள் வீட்டில் அந்த வாரம் நடந்ததும் அதேதான்.

அன்றைக்கு இன்னொரு தவறும் வெளிப்பட்டது. ஐந்தாவது அம்பை விட்டதும் மகன் "ஆ" என்று கையை உதறினான். இறகின் முன்நுனி, அந்தக் கூரான நடுத்தண்டு, பசை விட்டு லேசாகத் தூக்கிக்கொண்டிருந்திருக்கிறது. வில் பிடித்த இடது கையின் மேல் கீறிக்கொண்டு போய்விட்டது. கழுவி, உள்ளே சிம்பு எதுவும் தங்கவில்லை என்று பார்த்துக் கட்டுப்போட்டேன். வில் பழகுகிற பிள்ளைகள் இதைக் கவனியுங்கள்: முன்நுனியில் நூல் சுற்ற வேண்டும், அல்லது ஒரு சொட்டுப் பசை வைத்து மூட வேண்டும். எய்வதற்குமுன் விரலால் தடவிப் பார்க்க வேண்டும்.

இது ஒன்றும் புதிய பாடமல்ல. 1545ல் மூழ்கி 1982ல் மேலே கொண்டுவரப்பட்ட மேரி ரோஸ் என்ற இங்கிலாந்துக் கப்பலில் கிடைத்த அம்புகளில் இறகுகள் அழிந்துபோயிருந்தாலும், நூல் சுற்றிய தடம் இன்னும் இருக்கிறது. இங்கே அமெரிக்காவில், 1911ல் கலிஃபோர்னியாவின் ஓரோவில் ஊருக்கு வந்து சேர்ந்தார் இஷி. யாகி இனத்தில் கடைசியாக மிஞ்சிய மனிதர். அவர் மானின் தசைநாரை வாயில் மென்று மென்மையாக்கி, இறகுகளைச் சுற்றிக் கட்டினார். சான் ஃபிரான்சிஸ்கோவில் அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் சாக்ஸ்டன் போப் அவரிடமே வில்வித்தை கற்றுக்கொண்டார். 1916ல் இஷி காசநோயால் இறந்துபோனார். நோயாளியின் முன் மாணவனாக உட்கார்ந்த அந்த டாக்டரை நினைத்தால் எனக்கு மரியாதை வருகிறது.

இறகுகளை உரித்துவிட்டு மறுபடி ஒட்ட உட்கார்ந்தபோது, மகன் ஒரு பருந்து இறகைக் கொண்டுவந்தான். குளக்கரையில் நடக்கும்போது கிடைத்ததாம். எவ்வளவு அழகு! ஆனால் 1918ஆம் ஆண்டின் புலம்பெயர் பறவைகள் சட்டப்படி பருந்தின் இறகைத் தரையிலிருந்து பொறுக்கி வைத்துக்கொள்வதும் குற்றம். வான்கோழி அந்தச் சட்டத்தில் வராது. அதனால்தான் கடையில் சாயம் ஏற்றிய வான்கோழி இறகு. முகம் சுண்டினாலும் மகன் அதை எடுத்த இடத்திலேயே போட்டுவிட்டு வந்தான்.

அடுத்தது அளவு. நான் ஐந்து இன்ச் இறகை எடுத்தேன். அவன் மூன்று இன்ச் கேட்டான். "பெரிய இறகு காத்துல இழுக்கும்மா, அம்பு மெதுவா போகும்." உண்மைதான். இறகு வேலை செய்வதே அந்த இழுவையால்தான். பின்னால் பிடித்து இழுப்பதால்தான் முன்பகுதி முன்னாலேயே இருக்கிறது. பழகுகிறவன் கை நடுங்கும், நாணை விடுவதில் பிசகு வரும். பெரிய இறகு அதைச் சீக்கிரம் திருத்தும். கை நிலைப்பட்டபின் சிறிய இறகு போதும், அம்பு இன்னும் வேகமாகப் போகும். எப்போதும் பெரியதையே ஒட்டிவைத்தால், போக வேண்டிய தூரத்தைப் போகாது.

மகன் என்னைப் பார்த்துக் கேட்டான்: "அப்போ நான் இன்னும் அஞ்சு இன்ச்தானாம்மா?"

முகாமைத்தான் கேட்கிறான் என்று புரிந்தது. பதில் சொல்லாமல் இறகைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

நாகர்கோவிலில் நர்சிங் முடித்து முதல் வேலைக்குக் குவைத் கிளம்பினபோது, ஸ்டேஷனில் என் அப்பா ஒன்றே ஒன்று சொன்னார்: "எந்த ஊர்ல இருந்தாலும் வாரம் ஒருநாள் ஆராதனைக்குப் போ. முடிஞ்சதும் வீட்டுக்கு ஒரு போன் போடு." இருபத்திரண்டு வயதில் அது எனக்குக் கால்கட்டாகத் தெரிந்தது. தனியாக அழுத சில இரவுகளில் அந்த ஒரு கட்டுதான் என்னை நேராக வைத்தது. சங்கீதம் 127 பிள்ளைகளை பலவான் கையிலுள்ள அம்புகளுக்கு ஒப்பிடுகிறது. எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். கையை மட்டும்தான் நினைத்திருந்தேன். அம்பு கையில் தங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல. எய்தவர் அதோடு கூடப் போகவும் முடியாது. கையை விட்டபின் அதோடு போவது, முன்னமே ஒட்டிவைத்த இறகு மட்டுமே.

அன்றிரவு நானும் என் கணவரும் முதலில் எங்களுக்குள் பேசினோம், பிறகு அவனைக் கூப்பிட்டோம். ஒரு வாரம் வேண்டாம், மூன்று நாள் போகலாம், தினமும் இரவு ஒரு போன். இருவரும் ஒரே வார்த்தையாகச் சொன்னோம். அவன் முழுச் சந்தோஷமாக இல்லை. நானும் முழு நிம்மதியாக இல்லை. ஜெபித்துவிட்டுப் படுத்தோம்.

முகாமின் இரண்டாம் நாள் இரவு போன் வரவில்லை. பணியில் இருந்த நான் பத்து முறை எடுத்துப் பார்த்திருப்பேன். பதினோரு மணிக்கு வந்தது. "சாரிம்மா, மறந்துட்டேன். படுத்தப்புறம் ஞாபகம் வந்துச்சு. எழுந்து வந்து பண்றேன்."

அடுத்த ஆறு அம்புகளுக்கு நான்கு இன்ச் இறகு வாங்கினேன். எல்லாம் வலது சிறகு. பாக்கெட்டை இரண்டு முறை படித்துப் பார்த்துத்தான் வாங்கினேன்.