பாலத்துக்கு இப்பால்

வெனிஸ் நகருக்குச் சென்று வந்தோம் என்று சொன்னதும் நண்பர்கள் கால்வாய்களையும் தோணிகளையும் பற்றியே கேட்டார்கள். நாம் அந்நகரில் ஓர் இரவேனும் உறங்கவில்லை என்றபோது அவர்களுக்குப் பெரும் ஏமாற்றம். 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் நாம் கழித்த மூன்று இரவுகளும் மெஸ்த்ரேயிலேயே கழிந்தன. தீவு நகரைப் பெருநிலத்தோடு இணைக்கும் பாலத்துக்கு இப்பால், புகையிரத நிலையத்தின் அயலில், ஐரோப்பாவின் பல நகரங்களிலும் ஒரே பெயரோடும் ஒரே நிறத்தோடும் எழுந்து நிற்கும் மலிவு விடுதிகளுள் ஒன்று எமக்கு இடந் தந்தது.

சுவிற்சர்லாந்தில் வாழும் மைத்துனர் வீட்டுக்குச் சென்றிருந்த வேளையில் இந்தப் பயணம் வாய்த்தது. மைத்துனரின் மகள் விலைகளை ஆராய்ந்துவிட்டு, "தீவுக்குள்ளே ஒரு இரவுக்குக் கேட்கிற காசுக்கு மெஸ்த்ரேயிலே மூன்று இரவு நிற்கலாம், மாமா" என்றாள். கணக்கு எமக்கும் பிடித்திருந்தது. ஓய்வூதியக்காரருக்கு வேறெந்தக் கணக்குப் பிடிக்கும்?

அறையைக் குறை சொல்வதற்கில்லை. வெள்ளைச் சுவர், வெள்ளை விரிப்பு, மடித்து வைத்த ஒரு துவாய், எழுதுவதற்கும் உண்பதற்கும் போதாத ஒரு பலகை. தலைமாட்டில் றியால்ற்றோ பாலத்தின் பெரிய நிழற்படம். அதைக் கழற்றி வேறொரு கோபுரத்தின் படத்தை மாட்டினால் அதே அறை பாரிஸிலோ பேர்லினிலோ இருக்கலாம். யன்னல் ஒரு சாண் அளவே திறந்தது. அதனூடாகத் தண்டவாளங்கள் தெரிந்தன. அவற்றுக்கு அப்பால் மார்கேராத் தொழிற்பேட்டையின் புகைபோக்கிகள் சில.

காலை உணவு பரிமாறும் கூடத்தில்தான் அந்த இளைஞனைக் கண்டோம். வெறுமையான கோப்பைகளை அள்ளிக்கொண்டு போனவன் எமது முகத்தைப் பார்த்துத் தயங்கி, "இந்தியாவா?" என்றான். "இலங்கை" என்றோம். உடனே கிரிக்கெட் ஆட்டக்காரர் இருவரின் பெயரைச் சொல்லிச் சிரித்தான். பங்களாதேஷின் மாதாரிப்பூர் மாவட்டத்தைச் சேர்ந்தவன். அரைகுறை ஆங்கிலத்திலேயே எமது உரையாடல் நடந்தது. அவன் எம்மை 'அங்கிள்' என்றான். நாம் அவனைத் 'தம்பி' என்றோம். பொருளை விளக்கியபோது, தன் மொழியில் அதற்கு 'பாய்' என்றான்.

விடியற்காலை ஐந்து மணி முதல் பத்து மணி வரை அவனுக்கு இங்கே வேலை. நண்பகல் தொடங்கி இரவு வரை தீவிலுள்ள உணவுச்சாலை ஒன்றில் கோப்பை கழுவுகிறான். விடுதியின் பெயர் பொறித்த மேலங்கியை அணிந்திருந்தபோதிலும் அவன் விடுதியின் ஊழியன் அல்லன். ஆட்களை ஒப்பந்தத்தில் அனுப்பும் இன்னொரு கம்பனியின் ஆள். அறைகளைத் துப்புரவு செய்யும் பெண்களும் அவ்வாறே. எமது மாடியில் தள்ளுவண்டியோடு வந்த பெண்மணியின் கையில் அறை இலக்கங்கள் நிரம்பிய ஒரு தாள் இருந்தது. ஒவ்வோர் அறை முடிந்ததும் அவர் கடிகாரத்தைப் பார்த்தே அதில் கோடு இழுத்தார். கொழும்புத் தொழிற்சாலைகளில் 'மான்பவர்' ஆட்கள் என்று அழைக்கப்படுவோரின் நிலையை அறிந்த எமக்கு இதில் வியப்பெதுவும் இல்லை. எமது அறையின் விலை எங்கனம் குறைந்தது என்பது மட்டும் விளங்கிற்று.

இளைஞனின் தமையன் மார்கேராவின் கப்பல் கட்டும் தளத்தில் இரும்பு ஒட்டுபவன். உல்லாசப் பயணிகளின் பெருங்கப்பல்கள் அங்கே உருவாகின்றன. அவனும் நேரடித் தொழிலாளி அல்லன். துணை ஒப்பந்தக்காரரின் ஆள்.

வெனிஸின் அழகைப் பேசும் பயண நூல்கள் மார்கேராவைப் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. 1917இல் தொடங்கிய அத்தொழிற்பேட்டையில் பின்னாளில் இரசாயன ஆலைகள் பெருகின. வைனைல் குளோறைட் வாயுவைச் சுவாசித்த தொழிலாளர் பலர் ஈரற் புற்றுநோயால் மாண்டனர். கப்ரியேலே போர்த்தொலொற்சோ என்ற தொழிலாளி, தம் தோழர்களின் நோய்களையும் மரணங்களையும் தாமே தேடித் தொகுத்து 1994இல் அரச வழக்குத்தொடுநரிடம் ஒப்படைத்தார். அடுத்த ஆண்டே அவர் இறந்துபோனார். 1998இல் தொடங்கிய வழக்கில் ஆலை நிர்வாகிகள் 2001இல் விடுதலையாயினர். 2004இல் மேன்முறையீட்டில் அவர்களுள் ஐவர் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். எமது யன்னலின் ஒரு சாண் இடைவெளியில் தெரிந்த புகைபோக்கிகளை அதன் பின்னர் வேறு விதமாகவே பார்த்தோம்.

நிற்க. தீவுக்கும் போனோம். புகையிரதத்தில் பத்து நிமிடங்களுக்குச் சற்றுக் கூடுதலான பயணம். 1846இல் கட்டிமுடிக்கப்பட்ட இருப்புப்பாதைப் பாலமும், அதனருகே 1933இல் திறந்த வீதிப்பாலமும் கடல்நீர் மீது நீண்டு கிடக்கின்றன. அன்று வெள்ளிக்கிழமை. நுழைவுக் கட்டணம் அறவிடப்படும் நாள். பகற்பொழுதுக்கு மட்டும் வருவோர் ஐந்து யூரோ, பிந்திப் பதிவோர் பத்து யூரோ செலுத்த வேண்டும். 2024இல் தொடங்கிய முறை இது. மெஸ்த்ரே 1926 முதல் வெனிஸ் மாநகர சபைக்கு உட்பட்டதாதலால், அங்கு தங்கும் எமக்கு விலக்குச் சீட்டு உண்டு. அதே புகையிரதத்தில் வந்த எமது தம்பியும் வேலை செய்வோன் என்ற வகையில் விலக்குப் பெற்றவன். பையிலிருந்த கடிதத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே நடந்தான். அவனை யாரும் மறிக்கவில்லை. ஆயினும் அந்தக் கை பையை விட்டு எடுபடவில்லை.

சலவைக் கல் மாளிகைகளும் சான் மார்க்கோ தேவாலயத்தின் பொன் ஓவியங்களும் கண்ணை நிறைத்தன என்பதை மறைக்க மாட்டோம். அவற்றைப் பற்றி எழுத வல்லோர் பலர் எழுதிவிட்டனர். எம் நினைவில் நின்றது சான் பார்த்தொலொமேயோ சதுக்கத்தில் ஒரு மருந்துக்கடையின் கண்ணாடி. 2008 முதல் அதனுள்ளே ஒரு மின்பலகை, தீவு நகரில் எஞ்சியிருக்கும் குடிகளின் தொகையைக் காட்டி வருகிறது. 1951இல் ஏறக்குறைய 1,75,000 பேர் வாழ்ந்த இடம். 2022இல் அத்தொகை 50,000க்குக் கீழே இறங்கியது. மறு ஆண்டில் பயணிகளுக்கான படுக்கைகளின் எண்ணிக்கை குடிகளின் எண்ணிக்கையை மிஞ்சியது. நோயாளியின் தலைமாட்டிலே தொங்கும் காய்ச்சல் அட்டையைப் போலிருந்தது அந்தப் பலகை. முன்னால் நின்று பலர் படம் எடுத்தனர். நாமும் எடுத்தோம்.

போனவர்களில் மிகப் பலர் பாலத்துக்கு இப்பால், மெஸ்த்ரேயிலும் அதன் சுற்றாடலிலும் குடியேறினர். ஈரச் சுவர்களும் ஏறிய வாடகையும் அவர்களைத் தள்ளின. 1966 நவம்பர் 4ஆந் திகதிப் பெருவெள்ளம் நிலத்தளங்களில் வாழ்ந்தோரை மேலும் விரட்டிற்று. நாம் தங்கிய விடுதி புதிதாக எழுந்த கட்டடம். தீவிலே ஒரு குடும்பத்தையும் அது வெளியேற்றவில்லை என்று முதலில் ஆறுதல் கொண்டோம். அந்த ஆறுதலும் மறுநாட் காலையிற் கலைந்தது.

பாண் துண்டுகளை அடுக்கியபடியே தம்பி சொன்னான். வியா பியாவே வீதியில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். ஒக்ரோபருக்குள் அதை விட்டு எழும்பும்படி வீட்டுக்காரர் அறிவித்துவிட்டார். வெள்ளையடித்து, கட்டில்களை மாற்றி, பயணிகளுக்கு நாட்கணக்கில் விடப்போகிறாராம். புகையிரத நிலையத்துக்குக் கிட்டிய வீடு. நல்ல காசு வரும். வேறு வீடு பார்த்தீர்களா என்று கேட்டோம். தொலைபேசியில் பெயரைச் சொன்னதும் வீடு போய்விட்டது என்று சொல்கிறார்கள் என்றான். இத்தாலியன் தன்னைவிட நன்றாகப் பேசும் தமையன் கேட்டாலும் அதே பதில்தான். தீவிலிருந்து இங்கே தள்ளப்பட்டவர்கள் இருந்த வீதிகளிலிருந்து இப்போது இவர்கள் தள்ளப்படுகிறார்கள். இனி எங்கே? இன்னும் அரை மணி நேரப் புகையிரதப் பயணத்துக்கு அப்பால் ஓர் ஊரைச் சொன்னான். அங்கிருந்து விடியற்காலை ஐந்து மணிக்கு இங்கு வந்து சேர வண்டி இல்லை.

"நீங்கள் என்ன விலை கொடுத்தீர்கள், அங்கிள்?" என்று திடீரெனக் கேட்டான். சொன்னோம். "மலிவுதான்" என்றான். அதில் குத்தல் எதுவும் இருக்கவில்லை. எமக்கோ கோப்பி தொண்டையில் இறங்கவில்லை.

கடைசி இரவு தீவிலிருந்து பிந்தித் திரும்பினோம். வண்டி நிறையக் களைத்த மனிதர்கள். பரிசாரகர், சமையற்காரர், பைகளை மடியில் வைத்தவாறு உறங்கும் பெண்கள். எதிர் ஆசனத்தில் தம்பி. அவன் கைகளில் சவர்க்கார மணம். எம்மைக் கண்டு எழுந்து இடந்தர முனைந்தான், இருக்கச் சொன்னோம். பாலம் முழுவதும் உறங்கினான். மெஸ்த்ரேயில் நாமே தோளைத் தட்டி எழுப்பினோம். நிலைய வாயிலில் அவன் வியா பியாவேப் பக்கம் இடப்புறமாகத் திரும்பினான். எமது விடுதி வலப்புறம். நாலு மணித்தியாலத்தில் அவன் மறுபடியும் இந்தப் பக்கம் வரவேண்டும்.

"காலையில் பார்க்கலாம், அங்கிள்" என்றான். எமது வண்டி காலை ஆறரைக்கு. அதற்கு முன்பே கூடத்தின் கதவைத் தட்டி அவனிடம் விடைபெற்றோம்.