யார் கையில் பிடி?



இது சற்று நீளமான பதிவு. நாற்பத்தைந்து நிமிட வகுப்பில் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் நீங்கள். இதையும் பொறுத்துக்கொள்வீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

போன மாதம் பழைய மாணவர்கள் சிலர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். பார்வையற்றோருக்கு உதவ ஓர் அறக்கட்டளை தொடங்குகிறோம், நீங்கள்தான் சார் தலைவர் என்றார்கள். முதல் நிகழ்ச்சிக்கு எல்லாம் முடிவாகிவிட்டது. மண்டபம், மேடை, நூறு பேருக்கு வெள்ளைக்கோல், பொன்னாடை, ஃபோட்டோ. எனக்கும் உள்ளுக்குள் ஆசைதான். ஓய்வுபெற்ற வாத்தியாருக்கு மேடை என்றால் கசக்குமா?

அன்றிரவு, அவர்களோடு அதே வகுப்பில் படித்த பார்வையற்ற மாணவனுக்கு ஃபோன் செய்தேன். இன்று வங்கி அதிகாரி. பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான். விஷயத்தைச் சொன்னேன். சிறிது நேரம் மறுமுனையில் சத்தமே இல்லை. பிறகு கேட்டான்: "சார், கோலை வாங்கறதுக்கு முன்னாடி எங்கள்ல யாரையாவது ஒருத்தரைக் கேட்டீங்களா?"

யாரையும் கேட்கவில்லை.

"மாரிஸ் ஃப்ராங்க்னு ஒருத்தர் சார். அவரைப் பத்திக் கொஞ்சம் படிங்க. அப்புறம் பேசுவோம்" என்றான். வாத்தியாருக்கே வீட்டுப்பாடம்! நான்கு நாள் உட்கார்ந்து படித்தேன். படித்ததை உங்களுக்குச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் டென்னசி மாநிலம், நாஷ்வில் நகரம். மாரிஸ் ஃப்ராங்க் அந்த ஊர்ப் பையன். ஆறு வயதில் ஒரு கண் போனது. பதினாறு வயதில், குத்துச்சண்டையில் அடிபட்டு மற்றக் கண்ணும் போனது. அவருடைய தாயாருக்கும் பார்வை கிடையாது. படித்துக்கொண்டே இன்சூரன்ஸ் விற்றுச் சம்பாதித்தார். ஆனால் எங்கே போவதானாலும் கூலிக்கு ஒரு பையனைத் துணைக்கு வைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பையனுக்கு மனம் இருந்தால் பயணம், இல்லையென்றால் இல்லை.

1927 நவம்பரில் ஒரு வாரப் பத்திரிகைக் கட்டுரையை அவருடைய தந்தை படித்துக் காட்டினார். எழுதியவர் டாரத்தி ஹாரிசன் யூஸ்டிஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி. சுவிட்சர்லாந்தில் குடியேறி, ஜெர்மன் ஷெப்பர்டு நாய்களை வளர்த்து, காவல்துறை போன்ற பணிகளுக்குப் பழக்கிக்கொண்டிருந்தவர். முதல் உலகப் போரில் பார்வை இழந்த வீரர்களுக்காக ஜெர்மனியின் போட்ஸ்டாம் நகரில் வழிகாட்டி நாய்களைப் பழக்கினார்கள். அதை நேரில் பார்த்து வியந்து எழுதிய கட்டுரை அது.

மாரிஸ் அவருக்குக் கடிதம் எழுதினார். எனக்கு ஒரு நாய் வேண்டும் என்பதோடு நிறுத்தவில்லை. என்னைப் பழக்கிவிடுங்கள், ஊர் திரும்பி என்னைப் போன்ற மற்றவர்களுக்கும் இது கிடைக்க நான் பாடுபடுகிறேன் என்றும் எழுதினார். வயது பத்தொன்பது. உதவி கேட்கும்போதே தானும் ஒரு பொறுப்பை ஏற்றுக்கொண்ட அந்தக் கடிதத்தில்தான், பின்னால் பிறந்த ஒரு பெரிய நிறுவனத்தின் விதை இருந்தது.

1928இல் கப்பலேறினார். ஆளை ஒரு பார்சல் போலத்தான் அனுப்பினார்கள். கப்பலில் ஒரு பணியாளர் குறித்த நேரத்தில் வெளியே அழைத்துப் போவார், திரும்பக் கொண்டுவந்து அறையில் விட்டுப் பூட்டிக்கொண்டு போவார். பாதுகாப்புக்காம்!

சுவிட்சர்லாந்தில் பட்டி என்ற பெண் நாயோடு பழகினார். முதல் முறையாகத் தனியாக முடிவெட்டிக்கொள்ளப் போன நாள் அவருக்குத் திருநாளாக இருந்திருக்கிறது. ஊரில் இருந்தவரை, யாராவது கொண்டுபோய் விட்டு, அவர்களுக்கு ஒழிந்தபோது வந்து கூட்டிப்போகும் வரை முடிதிருத்தும் கடையிலேயே காத்துக் கிடக்க வேண்டும். நாமெல்லாம் செருப்பை மாட்டிக்கொண்டு போய்வருகிற வேலை, பிள்ளைகளே. அதை அவர் சாதனையாகக் கொண்டாட வேண்டியிருந்தது.

அதே ஆண்டு ஜூன் மாதம் நியூயார்க்கில் வந்து இறங்கினார். பத்திரிகைக்காரர்கள் சவால் விட்டார்கள். வண்டிகள் விரையும் மிக ஆபத்தான தெரு ஒன்றை நாயோடு கடந்து காட்டச் சொன்னார்கள். கடந்தார். யூஸ்டிஸ் அம்மையாருக்கு ஒரே வார்த்தையில் தந்தி கொடுத்தார்: வெற்றி. 1929 ஜனவரி 29 அன்று, நாஷ்வில்லில் 'தி சீயிங் ஐ' என்ற வழிகாட்டி நாய்ப் பள்ளி பதிவானது. பின்னர் நியூஜெர்சி மாநிலத்துக்கு இடம் மாறி, இன்றும் அங்கே நடக்கிறது.

இனி நாய் விஷயத்துக்கு வருகிறேன். இத்தனை நாளும் நாய் ஓட்டுநர், மனிதர் பயணி என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது தவறு.

நாயின் உடலில் ஒரு பட்டை. அதில் விறைப்பான கைப்பிடி. மனிதர் அதை இடது கையில் பிடித்துக்கொள்வார். எங்கே போக வேண்டும், எந்தத் திருப்பம் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். நேராக, இடது, வலது என்று அவர்தான் சொல்வார். சிக்னல் விளக்கைப் பார்த்து நாய் முடிவு செய்வதில்லை. வண்டிகளின் ஓசையைக் கேட்டு, கடக்கலாமா என்று மனிதர்தான் தீர்மானிக்கிறார். குழியையும் கம்பத்தையும் தலையில் இடிக்கும் கிளையையும் விலக்கிக் கூட்டிப் போவதும், படி வந்தால் நிற்பதும் நாயின் வேலை.

இன்னொன்றும் உண்டு. "முன்னே போ" என்று அவர் சொல்லும்போது வண்டி ஒன்று வந்துகொண்டிருந்தால் நாய் நகராது. உத்தரவை மீறி நிற்க வேண்டும் என்று அதற்குப் பழக்கியிருக்கிறார்கள். முப்பது வருஷம் உங்களுக்கெல்லாம் கீழ்ப்படிதலைப் போதித்தவன் நான். கீழ்ப்படியாமைக்கும் ஒரு பயிற்சி உண்டு என்பதை இந்த வயதில் ஒரு நாயிடம் கற்றேன்.

நாயை மட்டும் பழக்கிக் கையில் கொடுத்துவிட்டால் காரியம் ஆகாது. குட்டியாக இருக்கும்போது ஒரு தன்னார்வக் குடும்பம் வளர்க்கிறது. பிறகு பயிற்சியாளர் சில மாதங்கள் பழக்குகிறார். அதன்பின் பார்வையற்றவரே பள்ளியில் வந்து தங்கி, மூன்று நான்கு வாரம் நாயோடு நடந்து பழகுகிறார். அவருடைய நடை வேகமும் குணமும் பார்த்துத்தான் அவருக்கு எந்த நாய் என்று முடிவு செய்கிறார்கள்.

கட்டணமும் உண்டு. முதல் நாய்க்கு 150 டாலர், அடுத்தடுத்த நாய்களுக்கு 50 டாலர், படைவீரராக இருந்தவருக்கு 1 டாலர். தங்குமிடமும் சாப்பாடும் பயிற்சியும் அதற்குள் அடக்கம். ஆகும் செலவில் அது மிகச் சிறு பங்குதான். கட்டணத்தைப் பல பத்தாண்டுகளாக ஏற்றவே இல்லை. மொத்தமாக முடியாதவர் தவணையில் கட்டலாம். அப்படியானால் எதற்கு வாங்குகிறார்கள்? "இது எனக்கு யாரோ போட்ட பிச்சை அல்ல, நான் வாங்கியது" என்று அவர் சொல்ல வேண்டும் என்பதற்காக.

யூஸ்டிஸ் அம்மையாரின் தலைமையை நான் மதிப்பது இதனால்தான். அவரிடம் பணம் இருந்தது, நாய்கள் இருந்தன, பெயரும் இருந்தது. நன்றி சொல்வதற்கு மட்டும் மாரிஸை மேடையேற்றியிருக்கலாம். அப்படிச் செய்யாமல், தொடக்கத்திலிருந்தே அவரைப் பங்காளியாக வைத்தார். மாரிஸ் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். நாய்களை ரயிலிலும் ஹோட்டலிலும் அனுமதிக்க வேண்டும் என்று போராடினார். 1956 வரை அந்தப் பள்ளிக்காக உழைத்தார்.

ஆனாலும் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். பள்ளி தொடங்கியது 1929இல். அங்கே நாய் பெற்றுப் பழகிய ஒருவர், ஜிம் கட்ச், அதன் தலைவரானது 2006இல். பதின்ம வயதில் ரசாயன வெடி விபத்தில் பார்வை இழந்து, கணினி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். 2019 வரை தலைமை வகித்தார். அவ்வளவு நல்ல நிறுவனத்திலேயே, பிடியைப் பிடித்த கை தலைமை நாற்காலிக்கு வர 77 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. யாரையும் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. நல்ல மனசு இருப்பவர்களுக்கும் இது எவ்வளவு தாமதமாகத் தோன்றுகிறது என்பதற்காகச் சொல்கிறேன். எனக்கும்தான் தாமதமாகத் தோன்றியது.

படித்து முடித்தபோது ஒரு பழைய காட்சி நினைவுக்கு வந்தது. எட்டாம் வகுப்பில், அவனைக் கூட்டிப் போக ஒரு பையனை நியமித்தேன். அந்தப் பையன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுவான். ஒருநாள் இவன் என்னிடம் வந்து, "சார், அவன் என்னைப் பிடிக்க வேணாம். நான் அவன் முழங்கையைப் பிடிச்சுக்கறேன்" என்றான். "எல்லாம் ஒண்ணுதான், போடா" என்று அனுப்பிவிட்டேன். ஒன்றல்ல. யார் யாரைப் பிடிக்கிறார்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. பிடித்துக்கொள்கிறவன் விரும்பினால் விட்டுவிடலாம். பிடிபட்டவனால் முடியாது.

மறுபடி ஃபோன் செய்து, முதலில் அதற்கு மன்னிப்புக் கேட்டேன். "அதையெல்லாம் இன்னுமா சார் ஞாபகம் வச்சிருக்கீங்க?" என்று சிரித்தான். சிரித்தானே தவிர, தான் மறந்துவிட்டதாகச் சொல்லவில்லை.

பிறகு பாடம் நடத்தினான். கோல் ஆளின் உயரத்துக்கு ஏற்ப இருக்க வேண்டும், ஏறக்குறைய நெஞ்செலும்பு வரை. நூறு பேருக்கும் ஒரே அளவில் வாங்கினால் பாதிப் பேருக்கு உதவாது. கோலை வீசி நடக்கச் சொல்லித்தர ஆள் வேண்டும். இல்லாவிட்டால் அது கதவுக்குப் பின்னால் சாத்திக் கிடக்கும். நம் ஊரில் வழிகாட்டி நாய் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். "முதல்ல தெருநாய்ங்ககிட்ட அனுமதி வாங்கணும் சார்" என்றான். இப்போதைக்குக் கோல் போதும், ஆனால் ஒழுங்காகச் செய்வோம் என்றான்.

ஆகவே, என்னைத் தேடி வந்த பிள்ளைகளுக்கு என் பதிலை எல்லோர் முன்னிலையிலும் சொல்கிறேன். நான் தலைவராக மாட்டேன். அவன்தான் தலைவர். மூன்று நிபந்தனைகளோடு ஒப்புக்கொண்டிருக்கிறான்: மேடை கிடையாது. கோலுக்கு ஆளுக்கு ஐம்பது ரூபாய் வாங்க வேண்டும். நிர்வாகக் குழுவில் பாதிப் பேர் பார்வையற்றவர்களாக இருக்க வேண்டும்.

ஐம்பது ரூபாய் விஷயத்தில் உங்களில் சிலருக்குக் கோபம் என்று கேள்விப்பட்டேன். "ஏழைகளிடம் போய்க் காசு வாங்குவதா சார்?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அதை என்னிடம் கேட்காதீர்கள், தலைவரிடம் கேளுங்கள். எனக்குக் குழுவில் ஒரு சின்ன வேலை கொடுத்திருக்கிறான், கணக்கு எழுதும் வேலை. அவன் தவறான பாதையில் போவதாகத் தெரிந்தால், பட்டியைப் போல நின்றுவிடவும் எனக்கு அனுமதி உண்டு.

மண்டபத்துக்குக் கொடுத்த முன்பணத்தைத் திரும்ப வாங்கிவிடுங்கள், பிள்ளைகளே.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்