வெளியேற்றுவதன் விலை

மெல்பேர்ண் எழுத்தாளர் மக்ஸ் பரி 2002 நவம்பரில் ஓர் இணைய விளையாட்டைத் தொடங்கினார். 2003இல் வெளிவரவிருந்த ‘ஜெனிஃபர் கவர்ன்மென்ட்’ என்ற தன் நாவலுக்கு விளம்பரமாகத்தான். பெயர் ‘நேஷன்ஸ்டேட்ஸ்’. ஆளுக்கொரு நாட்டை உருவாக்கிச் சட்டம் இயற்றி, பிராந்தியங்களாகக் கூடி வாழலாம்.

என் மகனும் அதில் ஒரு நாட்டை ஆள்கிறான். படை எங்கே என்று கேட்டேன்.

“இதில சண்டை இல்லை அப்பா. ஆனா ஆக்கிரமிப்பு இருக்கு.”

போருக்கென்று பரி எந்த விதியும் வைக்கவில்லை. விளையாடியவர்களே அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அதிக ஆதரவு பெற்ற நாடே பிராந்தியத்தின் பிரதிநிதி. ஆதரவுக் கணக்கு ஒரு நாளில் இரண்டு தடவை புதுப்பிக்கப்படும். அதற்குச் சில நிமிடங்களுக்கு முன் வெளியாட்கள் கூட்டமாக நுழைந்து தங்களில் ஒருவருக்கு ஆதரவு கொடுத்தால், விடியும்போது பிரதிநிதி மாறியிருப்பார். பிறகு பழைய குடிகளைத் துரத்தலாம்.

இதைச் சமன்செய்ய 2006இல் ‘செல்வாக்கு’ என்றொரு கணக்கைக் கொண்டுவந்தார்கள். ஒரு நாடு ஓரிடத்தில் இருக்க இருக்க அதன் செல்வாக்குக் கூடும். ஒருவரைத் துரத்த வேண்டுமானால், துரத்துபவர் தன் செல்வாக்கைச் செலவழிக்க வேண்டும். நெடுநாள் இருந்தவரைத் துரத்த அதிகம் செலவாகும். நேற்று வந்தவரிடம் அவ்வளவு இருக்காது.

மகன் இதைச் சாதாரணமாகச் சொன்னான். எனக்கு அம்மம்மாவின் நினைவு வந்தது. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்தின் சனமெல்லாம் தென்மராட்சியை நோக்கி நகர்ந்த இரவில், நாவற்குழிப் பாலத்தை நெருங்க எங்களுக்குப் பல மணி நேரம் எடுத்தது. அம்மம்மா ஐம்பது வருடங்களுக்கு மேல் ஒரே வீட்டில் இருந்தவர். அந்த ஐம்பது வருடங்களுக்காக யாரும் எதையும் செலவழிக்கவில்லை.

அதற்காக இந்த விதி குறையற்றது என்று சொல்ல மாட்டேன். பிரதிநிதியும் இருக்க இருக்கச் செல்வாக்குச் சேர்க்கிறார். ஆக்கிரமித்தவர் நிலைத்துவிட்டால், அதே விதி அவருக்கு ஆயுதமாகிவிடும். கடவுச்சொல் போட்டுப் பிராந்தியத்தைப் பூட்டியும் விடலாம். அதை உடைக்க, 2009இலிருந்து உலக சபை ‘விடுதலை’த் தீர்மானம் ஒன்றை வாக்களித்து நிறைவேற்றலாம். ஓட்டையை அடைக்கப் போட்ட விதியில் இன்னோர் ஓட்டை. அதற்கு மேலும் ஒரு விதி. படைகளின் எண்ணிக்கையைச் சரிசமமாக்குவது சுலபம். ஓரிடத்தில் ‘இருந்தது’க்கு மதிப்புப் போடுவதுதான் கடினம்.

இந்த விளையாட்டில் துரத்தப்பட்ட நாடு அழிவதில்லை. கொடி, சனத்தொகை, சட்டம் எல்லாவற்றோடும் அது ‘நிராகரிக்கப்பட்டோர் பிராந்தியத்தில்’ போய் விழும். அங்கே பிரதிநிதி உண்டு, ஆனால் யாரையும் துரத்தும் அதிகாரம் அவருக்கு இல்லை.

“அங்க போன ஆக்கள் திரும்பி வர மாட்டினமோ?” என்று கேட்டேன்.

“வரலாம். ஆனா கொஞ்சப் பேர் அங்கயே இருந்திடுவினம். அதுவும் அவையின்ர இடம்தானே, அப்பா.”

அவன் பிறந்தது மெல்பேர்ணில்.