விடுபட்ட கோடுகள்

ஓலைச்சுவடியும் கல்வெட்டும் படித்துப் பழகிய தமிழாசிரியனுக்கு மின்னணுக் கருவிகளின் உலகம் சற்றுத் தொலைவானதே. எனினும், எங்கள் இல்லத்திற்கு வாங்கிய ஹோம் தியேட்டர் ரிசீவர் ஒன்று எனக்குப் பதிப்பியற் பாடம் நடத்தியது.

ஒலிக்கென வாங்கிய அக்கருவி, காட்சியையும் செம்மைப்படுத்தித் தொலைக்காட்சிக்கு அனுப்பும் என்றார் விற்பனையாளர். 1996இல் நடந்த அக்காவின் நிக்காஹ் நிகழ்ச்சி, வீடியோ நாடாவிலிருந்து டிவிடிக்கு மாற்றப்பட்டு வீட்டில் இருந்தது. மறைந்த என் அத்தா நடமாடுவதைக் காண எஞ்சியிருப்பது அந்த ஒரு வட்டே. அதனைத் தெளிவாகக் காணும் ஆவலே என்னைச் சோதனைக்குத் தூண்டிற்று.

நம் நாட்டின் பழைய தொலைக்காட்சி முறையில் ஒரு படத்திற்கு 576 கிடைக்கோடுகள். அவை ஒருசேர வருவதில்லை. ஒற்றைப்படைக் கோடுகள் 288 ஒருமுறையும், இரட்டைப்படைக் கோடுகள் 288 மறுமுறையுமாக நொடிக்கு 50 அரைப்படங்கள் வருகின்றன. அசையாப் பொருளாயின் இரண்டையும் கோத்தால் போதும். அசையும் பொருளோ அதற்குள் இடம் பெயர்ந்துவிடும். அப்படியே கோத்தால் அதன் விளிம்பு சீப்பின் பற்களாகும். ஆகவே, விடுபட்ட கோடுகளைக் கருவி ஊகித்து எழுதுகிறது. பின்னர் அனைத்தையும் 1080 கோடுகளாகப் பெருக்குகிறது.

இயற்பியல் துறை நண்பர், 2005இல் சிலிக்கான் ஆப்டிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட எச்.க்யூ.வி. பெஞ்ச்மார்க் என்னும் சோதனை வட்டைத் தந்தார். அதில் சுழலும் பட்டை ஒன்றும் பறக்கும் கொடி ஒன்றும் உண்டு. ரிசீவரின் செம்மையாக்கத்தை நிறுத்தி ஒருமுறையும் இயக்கி ஒருமுறையும் அதே காட்சிகளைப் பார்த்தோம். நிறுத்தியபோது அப்பணி தொலைக்காட்சியின் பொறுப்பாயிற்று. பட்டையின் ஓரம் படிக்கட்டுப்போல் தெரிந்தது. இயக்கியபோது அவ்வோரம் நேர்கோடாயிற்று. கருவி வென்றது என்றே மகிழ்ந்தேன்.

பிறகு நாடாவின் புள்ளிகளை அகற்றும் இரைச்சல் நீக்க அமைப்பையும் உச்சத்தில் வைத்து, அம்மாவை அழைத்துத் திருமண வட்டைக் காட்டினேன். அம்மா நெடுநேரம் உற்றுப் பார்த்தார்.

"இது உங்க அத்தா மாதிரியே இல்லையேப்பா. நெத்தியில இருந்த கோடெல்லாம் எங்கே போச்சு?"

நாடாவின் இரைச்சலையும் நெற்றிச் சுருக்கத்தையும் நரைத்த தாடியின் மயிரிழைகளையும் அக்கருவி வேறு பிரித்தறியவில்லை. அனைத்தையும் ஒன்றாகத் துடைத்துவிட்டது.

1894இல் புறநானூற்றைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், ஏடு சிதைந்த இடங்களில் புள்ளியிட்டுச் சென்றார். அவ்விடங்களை நிரப்பும் புலமை அவருக்கு இல்லாமலில்லை. தம் சொல்லைப் பழம்புலவர் சொல்லாக்க அவர் மனம் ஒப்பவில்லை. வகுப்பில் ஆண்டுதோறும் இதைச் சொல்லும் நான், என் வீட்டுச் சுவடியில் அந்நெறியை மறந்தேன்.

இரைச்சல் நீக்கத்தை நிறுத்தினேன். புள்ளிகள் திரும்பின, அவற்றோடு நெற்றிக் கோடுகளும் திரும்பின. "இப்பத்தான் உங்க அத்தா" என்றார் அம்மா.

மாணவச் செல்வங்களே! சோதனை வட்டு கருவியின் ஆற்றலை அளந்து காட்டும். அதன் கையை எங்கே தடுப்பது என்பதை, மூலத்தை அறிந்த கண்ணே சொல்லும்.